கடை அறையைக் கேட்ட காக்காவுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா.

முன்பு நீங்கள் விசிடி (பட டிஸ்க்) வாடகைக்கு விட்ட நம் வீட்டுக் கடை அறையை, இப்போது மொபைல் கடை போடக் கேட்கிறீர்கள். கூடப்பிறந்த அண்ணன் கேட்டும் அறையைத் தர மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசி வரை சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். "அவ யோசிச்சுச் சொல்றாளாம்" என்று உம்மா உங்களிடம் சொல்லியிருக்கும். யோசித்துவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், முடிவில் சரி என்று சொல்லிவிடுவேன். எத்தனை முறை அப்படி ஆகியிருக்கிறது! அதனால்தான் இங்கே, நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் மதினியும் உண்டு, நம் தெருவில் பாதியும் உண்டு என்பது தெரியும். சில விஷயங்களைத் தொடாமல் தாண்டிப் போவேன். உங்களுக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரிய வேண்டியதில்லை.

போன மாதம் வீடியோ காலில் உங்கள் மருமகன் 'தி மேட்ரிக்ஸ்' பார்த்த கதையைச் சொன்னானே, அங்கேதான் ஆரம்பம். 1999இல் வந்த படம், அவனுக்கு அது பழைய படம். "மாமா, அதுல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டான். நீங்கள் யோசிக்கவே இல்லை. "அந்தக் கறி தின்கிறவன்தான்டா. கடைசியில ராஜா மாதிரி வாழ்றது அவன்தானே" என்றீர்கள். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் உம்மாவிடம் ஏதோ கேட்பது போல எழுந்து போய்விட்டேன்.

காக்கா, அவன் செத்துப்போகிறான். படம் பாதியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே. செத்துப்போனான் என்று அவன் நினைத்த ஒருத்தனே எழுந்து மின்னல் துப்பாக்கியால் அவனைச் சுட்டுவிடுகிறான். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை.

ஆக, அன்று நாம் பாதியோடு நிறுத்திய விசிடியின் இரண்டாவது டிஸ்க்கை நீங்கள் இன்று வரை பார்க்கவே இல்லை. மூலைக்கு மூலை டிவிடி விற்ற ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் பார்க்கவில்லை. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீதிக் கதையை எனக்குச் சொன்னீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படம் 136 நிமிஷம். ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் கொள்ளும், எப்படியும் இரண்டாகத்தான் வெட்டியாக வேண்டும். யாரோ ஒரு வாடகைக்காரர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு டிஸ்க்தான் உள்ளே இருந்திருக்கிறது, நீங்கள் திறந்து பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டீர்கள். அவர் யார் என்று எழுத மாட்டேன், அவர் பேத்தி இப்போது என்னிடம் படிக்கிறாள். கடைக்கு டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன என்பதையும் எழுத மாட்டேன்.

நான் கடைக்குள் வரக் கூடாது, ஆம்பிளைகள் வந்து போகிற இடம். அதனால் கடை அடைத்த பிறகு பிளேயரை வீட்டுக்குள் தூக்கி வருவீர்கள். அன்றைக்கும் அப்படித்தான். விசிடியின் படம் அளவில் 352க்கு 288 புள்ளி மட்டுமே என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது, யாராவது வேகமாகக் கை வீசினால் முகம் கட்டம் கட்டமாக உடையும் என்பதுதான். கறுப்புக் கோட்டுக்காரன் ஓடும்போதெல்லாம் ஒரு கறுப்புச் சதுரம் ஓடியது. பச்சை எழுத்து மழை விழுந்த இடத்தில் வெறும் பச்சை நசநசப்பு. இது பொய் உலகம், அதனால்தான் உடைகிறது என்று நீங்கள் விளக்கினீர்கள். நான் நம்பினேன். இப்போது யோசித்தால் அந்த விளக்கம் படத்தை எடுத்தவர்களுக்கே பிடித்திருக்கும்.

வசனம் எழுத்தில் ஓடவில்லை, நீங்கள்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். மனிதர்கள் எல்லோரும் தொட்டியில் படுத்துக் கிடக்கிறார்கள், மிஷின் அவர்கள் உடம்பிலிருந்து கரண்ட் எடுக்கிறது, மூளைக்குள் மட்டும் ஊர், தெரு, வேலை என்று ஒரு வாழ்க்கையை ஓட்டிக் காட்டுகிறது. அதிலிருந்து தப்பித்து வந்தவர்களுக்கு நிஜத்தில் கிடைப்பது இரும்புக் கப்பலும் கஞ்சியும். அவர்களில் ஒருத்தன் மனம் வெறுத்து, பெரிய ஓட்டலில் எதிரியோடு உட்கார்ந்து கறி தின்கிறான். கறி பொய் என்று அவனுக்குத் தெரியும். என்னைத் திரும்ப உள்ளே அனுப்பு, நான் பணக்காரனாக இருக்க வேண்டும், நடிகன் மாதிரி ஒரு பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்கிறான். அதையெல்லாம் அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அதற்கு முன்னால் அவன் இன்னொன்றையும் கேட்கிறான்: எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கக் கூடாது. அதை விட்டுவிட்டீர்கள். உங்கள் ஆங்கிலத்துக்கு எட்டாத வரி இல்லை அது.

முதல் டிஸ்க் முடிந்து டப்பாவைத் திறந்தீர்கள், கரண்டும் போயிற்று. உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. "சரி, மீதிய நான் சொல்றேன்" என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் சொன்னது! மொட்டை மாடியில் பாய் போட்டு, கச்சான் காற்றுக்குக் குரலை உயர்த்தி உயர்த்திச் சொன்னீர்கள். கறி தின்றவன் மனம் மாறிவிடுகிறான். கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் அவனைப் பாம்பன் பாலத்தில் துரத்துகிறார்கள், இவன் மேலே ரோட்டுப் பாலத்தில், அவர்கள் கீழே ரயிலில். சரியாக அந்த நேரம் பார்த்துத் தூக்குப்பாலம் இரண்டாகப் பிளந்து திறக்கிறது, ரயில் நின்றுவிடுகிறது. இவன் கடலில் குதிக்கிறான். நம் எஸ்டிடி பூத்தில் போன் அடிக்கிறது, கட்டாவதற்குள் எடுத்தால்தான் தப்பிக்கலாம். எடுத்துவிடுகிறான். பொய் உலகத்தின் சாவி அவன் கைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொருத்தராக அழைக்கிறான், ஆளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறான், எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். கறுப்புக் கோட்டுக்காரனைப் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனீர்கள். நான் கேட்டபோது, "அவன் டீ குடிச்சுட்டு வருவான்" என்றீர்கள்.

என் நிக்காஹுக்கு அப்புறம் மச்சான் டிவிடி வாங்கி வந்தார். அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் டிவிடி இந்தப் படம்தான் என்று பெருமையாகச் சொன்னார், ஏதோ அவரே விற்ற மாதிரி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: ஓடும்போது சில இடத்தில் மூலையில் ஒரு வெள்ளை முயல் வரும், அப்போது பட்டனை அழுத்தினால் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும். தோட்டாவுக்கு வளைந்து கொடுக்கும் அந்தக் காட்சிக்கு ஆளைச் சுற்றி நூற்றுக்கு மேல் ஸ்டில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். மச்சான் முயலைத் துரத்திக்கொண்டிருந்தார். நான் பாம்பன் பாலம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஹெலிகாப்டர்தான் வந்தது. படம் நல்ல படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏமாந்துதான் போனேன்.

உங்களிடம் சொல்லவில்லை. அப்போது நீங்கள் துபாயில், தேராவில். நீங்கள் அனுப்பிய வெள்ளைக் கார் படம் ஹாலில் மாட்டியிருந்தது. கார் யாருடையது என்று பின்னால் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

2009 கடைசியில் துபாயே கடனைக் கட்ட அவகாசம் கேட்ட நேரம், உங்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. நீங்கள் சொல்லித் தெரியவில்லை, உங்களோடு இருந்தவர் வீட்டிலிருந்து தெரிந்தது. அந்த மாதங்களிலும் இங்கே பணம் வந்தது. எப்படி வந்தது காக்கா? அவர்கள்தான் உங்கள் அறைப் படத்தையும் காட்டினார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றடுக்குக் கட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். "கடல் தெரியிற ரூம்" என்று உம்மாவிடம் சொன்ன அறை அதுதானா? படத்தில் அந்தத் தொட்டிகளைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அன்றைக்குத்தான் தோன்றியது.

வாப்பாவும் இப்படித்தான் கேசட்டில் பேசி அனுப்புவார். சவுதி குளுகுளுவென்று இருப்பதாக. சரி, போகட்டும்.

இப்போது அறை. நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, ஆண் போய் இருப்பது மனைவி வீட்டில். வழக்கத்தைக் காட்டி நான் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டின் மாடி எழும்பியது நீங்கள் அனுப்பிய பணத்தில், உங்கள் கல்யாணம் தள்ளிப்போனது என் கல்யாணத்துக்காக. அதற்கெல்லாம் நான் நன்றி சொன்னதே இல்லை. மன்னித்துவிடுங்கள். ஆனால் சொல்வதற்கு நீங்கள் இடம் கொடுத்தால்தானே? வாயைத் திறந்தாலே "இதுல என்ன இருக்கு, இங்க நான் ஜாலியா இருக்கேன்" என்பீர்கள். ஜாலியாக இருப்பவருக்கு எதற்கு நன்றி சொல்வது? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மாடியே வேண்டாம் என்றிருப்பேன். என்றிருப்பேனா? தெரியவில்லை. உம்மா என்றிருக்காது. அது வேறு கதை.

கடை அறையை நான் திறந்தபோது உள்ளே இருந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். டெக் வாடகைக் காலத்துக் கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. டிஸ்க்குகளை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாக அந்தப் பக்கம் தெரிந்தது. விசிடியில் படம் இருப்பது ஒரு மெல்லிய அலுமினியப் பூச்சில், அதற்கு மேலே அரக்குப் பூச்சு மாதிரி ஒன்றுதான் காவல். அதில் கீறல் விழுந்தால் போதும், ஈரமும் உப்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை. எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்குப் போட்டேன். உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

அந்த அறையில்தான் இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டரில் டாலி கணக்கும் பைத்தான் புரோகிராமும் படிக்கிறார்கள். ராமநாதபுரம் வரை பஸ்ஸில் அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண் பிள்ளைகள், இந்தத் தெருவுக்குள் என்றால் அனுப்புகிறார்கள். அன்றைக்கு நான் நுழைய முடியாத அறை அது. பழி வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நீங்கள் மொபைல் கடை போடுவதாகச் சொல்கிறீர்கள், எவ்வளவு லாபம் வரும் என்று உம்மாவுக்குக் கணக்கும் சொல்லியிருக்கிறீர்கள். உம்மாவின் கண் மின்னுவதைப் பார்த்தேன். அதே கண்தான் வெள்ளைக் கார் படத்தைப் பார்த்தபோதும் மின்னியது. இனி வருகிறவர் எங்களிடம் நஷ்டத்தையும் சொல்கிற காக்காவாக வர வேண்டும். முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறீர்களாமே, அதைக்கூட மதினி சொல்லித்தான் கேட்டேன். (மதினி, கோபிக்காதீர்கள், சொன்னது நீங்கள்தான் என்று எழுதிவிட்டேன்.)

மருமகன் கணினியில் பெரிய ஆள், அதனால் இதையும் உங்களிடம் சொல்லச் சொன்னான். 2008இல் வந்த ப்ளூ-ரேயில் படம் முழுக்கப் பச்சை ஏறியிருக்கும், அடுத்த இரண்டு பாகங்களோடு ஒத்துப்போகட்டும் என்று அப்படிச் செய்தார்களாம். 2018இல் ஒளிப்பதிவாளர் பில் போப் உட்கார்ந்து 4கே பிரதியில் நிறத்தைச் சரிசெய்தார். பழைய டிவிடியில் அந்த அளவுக்குப் பச்சை கிடையாது. நம் வீட்டில் இருப்பது பழையதுதான், ஒரே டிஸ்க்கில் முழுப் படமும். வகுப்பு கம்ப்யூட்டர் ஒன்றில் டிவிடி டிரைவ் இன்னும் வேலை செய்கிறது. கறி தின்கிறவன் சாகும்போது மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமாம் அவனுக்கு.

பாம்பனில் புதுப் பாலம் வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அது பழையது மாதிரி இரண்டாகப் பிளக்காது, 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே மேலே போகும். உங்கள் கதையை அதற்குத் தகுந்தாற்போல் மாற்ற வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை, அறை காலி. அன்றைக்கு வாருங்கள். மொபைல் கடைக்கு மெயின் ரோட்டில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் கொஞ்சம் அதிகம் கேட்கிறார்கள், பாதியை நான் போடுகிறேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பேரம் மட்டும் நீங்கள் பேசுங்கள். உங்களுக்குத்தான் கதை சொல்ல வரும்.