அந்தத் தூளைக் குடிக்க முடிகிறதா என்று ஒருமுறை கேளுங்கள்

இலங்கையின் வடக்கில் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும், எந்த மருந்தை எடுப்பது என்று தீர்மானிக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன கிழமை அப்பாவின் கிளினிக் கொப்பியில் "மருந்தில் அக்கறை இல்லை" என்று சிவப்புப் பேனையால் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து விடியக்காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு போன எழுபது வயது மனிசனை, எல்லாருக்கும் முன்னால் ஏசியும் விட்டார்கள்.

கொலஸ்ட்ரோலைக் குறைக்கக் குடுத்த ஸ்டேட்டின் குளிசையால் தசை நோவு வந்தபடியால்தான், அதற்குப் பதிலாக அவருக்குக் கொலஸ்டிரமின் தூள் எழுதினார்கள். அது உடம்பில் சேராது, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும், திரும்பப் பித்தம் செய்ய ஈரல் கொலஸ்ட்ரோலைச் செலவழிக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நல்ல மருந்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் குடித்துப் பார்த்தவர் உங்களில் யாராவது இருக்கிறீர்களா?

எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது. பாதி டம்ளரின் அடியில் தங்கிவிடும், திரும்பத் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்கவேண்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீரோ ஏற்கனவே சவர். வாயெல்லாம் நறநறக்கும். முதல் நாள் குடித்துவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "முள்ளிவாய்க்கால் கஞ்சி மாதிரிக் கிடக்கு" என்றார். 2009இல் அந்தக் கரையில் காற்றடித்தால் கஞ்சிக்குள் மணல் விழும், அதையும் குடித்துத்தான் உயிரோடு வந்தோம். இப்போது ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன் அந்த மணல் அவர் வாய்க்குள் திரும்ப வருகிறது. அவரைப் பார்த்து அக்கறை இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது?

விழுங்க முடியாமல் வாயில் வைத்து வைத்துத்தான் குடிக்கிறார். அப்படி வைத்திருந்தால் பல் பழுதாகும் என்ற எச்சரிக்கை மருந்துக் குறிப்பில் இருக்கிறது, மசித்த அன்னாசியில் கலந்து எடுக்கலாம் என்பதும் இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். ஒருவரும் எங்களுக்கு வாயால் சொல்லவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்தத் தூளை எழுதுகிறவர்கள், அதைக் குடிக்க முடிகிறதா என்று நோயாளியிடம் கேட்டு அளந்து பாருங்கள். ஒரு தாளில் 100 மில்லிமீற்றர் கோடு போதும். ஒரு நுனியில் "வாயில் வைக்கேலாது", மற்ற நுனியில் "சுகமாகக் குடிக்கலாம்". நோயாளி ஒரு புள்ளி போடட்டும், நீங்கள் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். மணம், இனிப்பு, நறநறப்பு, குடித்த பிறகு நாக்கில் நிற்கும் ருசி என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் நாளும் கேளுங்கள், ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள், ஏனென்றால் ஒரு வாய் குடிப்பதும் முப்பது நாள் குடிப்பதும் ஒன்றல்ல.

இது வெறும் நாக்குப் பிரச்சினை இல்லை. 1984இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 3806 ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே தூளை நாளுக்கு 24 கிராம் என்று கொடுத்து, சராசரியாக 7.4 வருடம் பார்த்தார்கள். மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் 19 வீதம் குறைந்தன, கூடக் குடித்தவர்களுக்குத்தான் கூடப் பலன். குடிக்க முடியாத மருந்து யாருடைய இதயத்தைக் காப்பாற்றும்?

நிறையை அளக்கிறீர்கள், பிரஷரை அளக்கிறீர்கள், சீனியை அளக்கிறீர்கள். விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் வாங்கில் இருத்திவிட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்புகிறீர்கள், அந்த இரண்டு நிமிடத்திலும் கொப்பியைத்தான் பார்க்கிறீர்கள், ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மற்றக் குளிசைகளை இந்தத் தூளுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ நாலு மணித்தியாலம் பின்போ எடுக்கவேண்டும் என்பதையே பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லித்தான் அறிந்தோம்.

சரி, கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அப்பா அதே பஸ்ஸில் வருவார். அந்தச் சிவப்பு வரியை வெட்டிவிட்டு, தூளைக் குடிக்க முடிகிறதா என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்வதை அந்த இடத்தில் எழுதித் தாருங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள்