செயலாளரின் ஆண்டறிக்கை 2025: மாலை போடாத படங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயலவை மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகப்பை உதவி, பழைய தோட்டத்து மயானத்தில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய கணக்கு போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் ஐயா விளக்குவார். இவ்வாண்டு நாம் முதன்முறையாகக் கைவைத்த ஒரு வேலையைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்: தற்கொலையில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்களோடு உட்கார்ந்து, அவர்கள் கதையைக் கேட்டு, அவர்களைப் படம் எடுத்த வேலை.

நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கையும் எரிய விடுகிறோம். தீபாவளிக்கு முதல் நாள் படையல் போட்டு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறோம். ஆனால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் என்றால் பல வீடுகளில் படம் அலமாரிக்குள் போய்விடுகிறது. காரியம் முடிந்ததும் பெயரைச் சொல்வதும் நின்றுவிடுகிறது. சில வீடுகளில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதைத் தவிர வேறு படமே கிடையாது. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் ஒரு சாவு என்றால் வரிசை வீடு முழுக்க வந்து உட்காரும். ரப்பர் போய் செம்பனை வந்து, நாம் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்த பிறகு, இந்தத் துக்கத்தை ஒரு வீடு தனியாகவே சுமக்கிறது. என் வீட்டிலும் அப்படி ஓர் இழப்பு உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சட்டமும் நெடுங்காலம் வாயை அடைத்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம் என்று இருந்தது. 2023 மே மாதம் நாடாளுமன்ற மக்களவை அதை நீக்க வாக்களித்தது. போலீஸ் வருமோ என்ற அச்சத்துக்கு இனி இடமில்லை. அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. உதவி கேட்டால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இன்னமும் நம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். 1911இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையில் எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்பியிருக்கிறார்கள். அதன் பெயரை வசைச்சொல்லாக வைத்திருப்பதை நாம் விட வேண்டும் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கதை கேட்கும் கூட்டங்கள் ஞாயிறு மாலைகளில் நடந்தன. வரக்கோப்பியும் பிஸ்கட்டும் தவிர வேறு ஏற்பாடு இல்லை. விதிகள் சிலவே. எப்படி இறந்தார், எதனால் இறந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்கக் கூடாது. இறந்த விதத்தை விவரிப்பது ஏற்கெனவே மனம் தளர்ந்திருப்பவருக்கு ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்குச் சொல்லும் அறிவுரையும் அதுதான். காரணம் தேடுவதிலும் ஒரு கொடுமை உண்டு. பரீட்சை, கடன், காதல் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அந்த அறையிலேயே இருக்கும் ஒரு தாயையோ கணவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் ஒன்றை ஒரே வரியில் முடிக்க நமக்கு உரிமை இல்லை. வாழ்ந்த நாள்களைச் சொல்லுங்கள் என்றோம். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை.

படம் எடுத்தவர் கல்யாண வீடுகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் தம்பிதான். ஃபிளாஷும் பின்திரையும் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். காலை வெயில் ஏறுவதற்குள் அவரவர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து எடுத்தார். பக்கவாட்டில் வரும் மெல்லிய வெளிச்சத்தில் முகம் கடுமையாகத் தெரியாது, கண்ணும் கூசாது என்றார். இறந்தவருடைய பொருள் ஒன்றை அவரவர் விருப்பப்படி கையில் வைத்துக்கொண்டார்கள்.

ஓர் அம்மா தன் மகனின் உறுமியை மடியில் வைத்துக்கொண்டார். கேமராவைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. தம்பி கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அவருக்கு என்ன சாப்பாடு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். நெத்திலிச் சம்பல் என்று தொடங்கினார். திருவிழா முடிந்து நடுராத்திரியில் கூட்டாளிகளை அழைத்துவந்து சட்டியைக் காலி செய்வானாம். அதைச் சொல்லும்போது முகத்தில் வந்த சிரிப்புதான் படத்தில் இருக்கிறது. மகன் போன பிறகு தான் சிரித்தால் ஊர் தப்பாக நினைக்கும் என்று பயந்திருந்தாராம். படம் கைக்கு வந்ததும், "இதை மாட்டலாமா?" என்று என்னிடம் கேட்டார். மாட்டலாம் என்றேன். இத்திட்டத்தை ஏன் தொடங்கினோம் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியையே பதிலாகச் சொல்வேன்.

தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர்களின் மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து ஒன்றும் பேசாமல் போவார். படம் எடுத்த பிறகுதான் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி அண்ணனின் கதையை மலாயில் எழுதிக் கொடுத்தாள். அதை அப்படியே அச்சிட்டு, பக்கத்தில் தமிழையும் வைத்தோம்.

அமெரிக்காவில் தந்தையைத் தற்கொலையில் இழந்த செனட்டர் ஹாரி ரீட் 1999இல் கொண்டுவந்த தீர்மானத்தால், இப்படி இழந்தவர்களுக்கென ஒரு நாள் உருவானது. 2025இல் அந்நாள் நவம்பர் 22, சனிக்கிழமை. அன்று தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் படங்களை 8ஆர் (எட்டுக்குப் பத்து அங்குலம்) அளவில் காட்சிக்கு வைத்தோம். எந்தப் படத்துக்கும் மாலை போடவில்லை. அவை இருப்பவர்களின் படங்கள். முதலில் கேட்ட வேறொரு மண்டபம், விஷயம் தெரிந்ததும் மறுத்துவிட்டது. முதல் நாள் இரவு ஒரு குடும்பம் தயங்கியதால் அவர்கள் படத்தை உடனே எடுத்துவிட்டோம். எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்று தொடக்கத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தோம். படங்கள் வாட்சாப்பில் சுற்றக் கூடாது என்ற வேண்டுகோளை வந்தவர்கள் மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

இதனால் ஊர்ப் பெயர் கெடும், மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணம் வரும் என்று செயலவையிலேயே கருத்து எழுந்தது. அந்தக் கவலை நியாயமானது. இறந்த விதத்தைப் பேசுவதில்லை என்ற விதியை நாம் கறாராகக் காத்ததும் அதற்காகத்தான். ஆனால் இழந்தவர்களைத் தனியே விடுவதும் ஆபத்துதான். அவர்களைத் தாங்குவதே அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்று அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்நெய்ட்மன் சொல்லிவந்தார். உடன்பிறப்பை இழந்த பிள்ளைகள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் நானும் இதைச் சொல்கிறேன்.

நாம் ஆலோசகர்கள் அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். தூக்கம் வராமல், சாப்பிட முடியாமல் இருந்தவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எனும் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. 1970 முதல் சேவை செய்யும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எனும், மனம் தளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பின் எண் 03-7627 2929. இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளோம். தயவுசெய்து உங்கள் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.

வரும் ஆண்டில் ஞாயிறு கூட்டங்களை நிறுத்தாமல் நடத்தவும், தீபாவளிக்கு முந்திய வாரம் கூடுதலாக ஒரு கூட்டம் வைக்கவும், அச்சுச் செலவுக்கு நிதி ஒதுக்கவும் தீர்மானம் ஒன்றைச் செயலவை முன்மொழிகிறது. ஆதரிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கலந்துகொள்ள விரும்பும் குடும்பங்கள் இன்று கைதூக்க வேண்டியதில்லை. மகளிர் பகுதித் தலைவி அக்காவிடம் தனியாகச் சொன்னால் போதும். வீட்டுக்கு நாங்களே வருகிறோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்