'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் 'காய்கறி சீஸ் பேக்டு பாஸ்தா' என்று ஒரு செய்முறை வந்திருந்தது. படம் பிரமாதம். அதைப் பார்த்துவிட்டு, விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி "தாத்தா, இது வேணும்" என்று பிடித்துக்கொண்டாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பாஸ்தா – தேவையான அளவு, மைதா – சிறிது, பால் – தேவையான அளவு, சீஸ் – விருப்பத்துக்கு ஏற்ப, காய்கறிகள் – ஒரு கிண்ணம், ஓவனில் 20 நிமிடம் வைத்து எடுக்கவும். அவ்வளவுதான்.

ரேஷன் கடையில் 31 வருடம் எடையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்க்கரையில் 10 கிராம் குறைந்தால் தராசைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் அம்மாக்களிடம் காலம் தள்ளியவனுக்கு இந்த 'சிறிது' எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாம்பாருக்கு உப்பு தேவையான அளவு என்று போட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கைக்குத் தெரியும், தெரியாவிட்டால் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஒரு போன் போட்டால் போச்சு. பாஸ்தாவுக்கு மன்னார்குடியில் நான் யாருக்குப் போன் போடுவது?

முதல் ஞாயிறு நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். கொதிக்கிற பாலில் மைதாவைக் கொட்டினேன், கட்டி கட்டியாக மிதந்தது. செய்முறையில் இருந்தபடி நறுக்கிய தக்காளியைப் பாலோடு சேர்த்தேன், புளிப்பு பட்டதும் பால் திரிந்துவிட்டது (இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அச்சில் வந்ததாயிற்றே என்று நம்பினேன்). முழுக்க வெந்த பாஸ்தா திரும்பவும் வெந்து களியானது. பச்சையாகப் போட்ட குடைமிளகாயும் காளானும் தண்ணீர் விட்டு அடியில் குளம் கட்டின. மைக்ரோவேவில் வைத்ததால் மேலே துளிகூடச் சிவக்கவில்லை, சீஸ் செருப்பு ரப்பர் மாதிரி கிடந்தது. பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு "பசிக்கலை தாத்தா" என்றாள். வீட்டில் அம்மா மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்: "இதுக்குப் பேசாம இடியாப்பம் பிழிஞ்சிருக்கலாம்."

விடுவேனா. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அடுத்த மூன்று ஞாயிறும் அதே வேலை.

முதலில் மைதா விஷயம். எங்கள் வீட்டுக் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 8 கிராம் மைதா, கோபுரமாக அள்ளினால் 15 கிராமைத் தாண்டுகிறது. செய்முறையில் 'ஐந்து கரண்டி' என்று போட்டிருந்தால்கூட ஒரு வீட்டில் பாயசம் மாதிரியும் இன்னொரு வீட்டில் அல்வா மாதிரியும்தான் வந்திருக்கும். என் கணக்கு இது: 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 600 மில்லி பால். வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம், பச்சை வாசனை போகும்வரை, ஆனால் நிறம் மாறாமல் கிளற வேண்டும். மாவுத் துகள் ஒவ்வொன்றிலும் வெண்ணெய் பூசிக்கொள்வதால் பிறகு பால் ஊற்றும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, ஒரு கொதி வரவிட்டால்தான் இறுகும், அதுவரை நீர்க்க இருக்கிறதே என்று பயந்து இன்னும் மைதா போட்டுவிடாதீர்கள். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், மீதியைப் பாஸ்தா உறிஞ்சிக்கொள்ளும். இந்த வெள்ளை சாஸுக்கு பெஷமேல் என்று பெயர், பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை அதிகாரி ஒருவர் பெயரால் வந்தது என்று மருமகள் சொன்னாள். இத்தாலிக்காரர்கள் இதில் ஜாதிக்காய் துருவிப் போடுவார்களாம். ஜாதிக்காய்தானே, பேத்திக்கு உரைத்துக் கொடுத்த துண்டு டப்பாவில் இருந்தது, இரண்டு இழுப்பு இழுத்தேன். வாசனை தனிதான்.

பாஸ்தா 250 கிராம், பென்னே என்கிற குழல் வகை. இரண்டரை லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் எட்டில் வடித்துவிட வேண்டும், கடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். மேலே உள்ள மாவுதான் சாஸைப் பிடித்து வைக்கிறது. வடித்த நீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்தால் சாஸ் இறுகிப்போனால் கைகொடுக்கும்.

காய்கறி எல்லாம் சேர்த்து 400 கிராம். கேரட்டையும் பீன்ஸையும் அரை வேக்காடு. குடைமிளகாய், காளான் இரண்டையும் அகலமான வாணலியில், மூடி போடாமல், பெரிய தீயில், ஊறிய நீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். முழு வெற்றியும் இங்கேதான் இருக்கிறது. தக்காளி வேண்டுமென்றால் தனியாகத் தொக்கு மாதிரி சுண்டவைத்து, ஓவனில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் பரப்பிவிடுங்கள். சிசிலித் தீவில் பாஸ்தாவுக்குக் கத்தரிக்காயைப் பொரித்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்றாம் ஞாயிறு அதையும் செய்தேன். வீட்டில் அம்மா முதல்முறையாக இன்னொரு கரண்டி கேட்டது அன்றுதான்.

சீஸ் பற்றி உங்கள் செய்முறை சொன்னது 'விருப்பத்துக்கு ஏற்ப'. கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. சதுரக் கட்டியாக வருவது பதப்படுத்திய சீஸ், அது சாஸில் வழவழவென்று கரையும், ஆனால் மேலே போட்டால் இழுபடாது. இழுபட மொஸரெல்லா வேண்டும். ஆகவே சாஸுக்குள் 60 கிராம் கட்டி சீஸ், மேலே 120 கிராம் மொஸரெல்லா. பன்னீர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது புளிப்பு விட்டுத் திரித்த பால், எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது. அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்த்த பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சடிப்பார்கள். பாலுக்கு முன்னால் பாமாயில் நின்றால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த '20 நிமிடம்'. எந்த ஓவனில், எத்தனை டிகிரியில்? சாதாரண மைக்ரோவேவ் சூடாக்கும், சிவக்க வைக்காது. அதில் கன்வெக்‌ஷன் வசதி (சூடான காற்றைச் சுழலவிடுவது) இருக்க வேண்டும், அல்லது ஓடிஜி (மேலும் கீழும் கம்பி சூடாகும் மின்சார ஓவன்) வேண்டும். மருமகளின் ஓடிஜியை 200 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடு ஏற்றி, நடுத் தட்டில் 20 நிமிடம் வைத்து, கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டேன். பிரியாணி தம்முக்கு மூடிமேல் தணல் போடுகிறோமே, அதே வேலைதான். பாத்திரம் எட்டு அங்குலச் சதுரம், இரண்டு அங்குல ஆழம், நான்கு பேருக்குத் தாராளம். கண்ணாடிப் பாத்திரமானால் நேரடியாக அடுப்புத் தீயில் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும். வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் சாஸ் ஓடிவிடும். பேத்தியை அந்தப் பத்து நிமிடம் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

இடம் இல்லை, அதனால் சுருக்கினோம் என்று நீங்கள் சொல்லலாம். படத்தைக் கால்வாசி குறைத்தால் இந்த எண்கள் அத்தனையும் அடங்கும் ஐயா.

அடுத்த ஞாயிறு வாழைப்பழ கேக் என்று அறிவிப்பு பார்த்தேன். பழத்தைத் தோலோடு நிறுப்பதா, உரித்து நிறுப்பதா என்பதை மட்டுமாவது போட்டுவிடுங்கள். பேத்தி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எடையாளர்,
மன்னார்குடி