கவிதாவுக்கு மட்டும்

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ சொன்னால்தானே தெரியும். போனில் எழுதினால் அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்குமோ, யார் கண்ணில் படுமோ. உன் பெயருக்கு வரும் உறையை அந்த வீட்டில் வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் காகிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு எங்கே வைப்பாய் என்பது உன் பாடு.

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட மறக்கிறார், நான் நினைவூட்டினால் கோபப்படுகிறார். தம்பியின் வேலை விஷயமாக ஒரு செய்தி இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை குடும்பக் குழுவில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். யாழினி அவர் மடியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள். என்ன சிரிப்பு! உன் சிரிப்பு அப்படியே. நின்ற காரில் எடுத்தது என்று நீ சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பின்னால் ஓடுகின்றன. சம்பந்தியம்மா "எங்கள் வீட்டு ராணி கார் ஓட்டுகிறாள்" என்று எழுதியிருந்தார். உன் நாத்தனார் வரிசையாகப் பூப்பூவாகப் போட்டிருந்தாள். நான் ஒன்றும் போடவில்லை. நான் போடாததை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நீ கவனித்தாயா?

முன்னிருக்கைகளின் இடைவெளியில் பின்னிருக்கை கொஞ்சம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நானும் அப்பாவும் குழந்தைக்கென்று வாங்கி அனுப்பிய கார் சீட் இருந்தது. தோள் பட்டையின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதன்மேல் ஒரு துணிப்பை, பையிலிருந்து டயப்பர் கட்டு எட்டிப் பார்க்கிறது. அப்பாவிடம் காட்டவில்லை. அவர் கண்ணில் கட்டுப் போட்டிருந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

வீடியோ முடிகிற இடத்தில் ஒரு கை வருகிறது, குழந்தையின் முதுகுக்குப் பின்னால். வளையலைப் பார்த்தேன், உன் கைதான். தொடப் போய், தொடாமல் திரும்பிவிடுகிறது. அதை விடு. நான் சொல்ல வந்தது சட்டத்தைப் பற்றி.

உன் அம்மா விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தட்டச்சு செய்துதான் உனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினாள். வக்கீல்கள் சட்டப் பிரிவைத் தப்பாகச் சொன்னால் என் விரல் தானாக நின்றுவிடும். ஓய்வு பெற்ற பிறகும் திருத்தங்களைப் படிப்பதை நான் விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தில் 194பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். பலர் இந்தப் பிரிவைப் பாதிதான் படிக்கிறார்கள். ஓட்டுகிறவரோடு அது நிற்கவில்லை. அப்படி ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் எல்லோரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தவரை என்ன கணக்கில் வைப்பது என்று அந்தக் காலத்து நீதிபதியாக இருந்தால் கேட்டிருப்பார். அனுமதித்தாயா? அல்லது உன்னை யாரும் கேட்கவே இல்லையா? நான் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது.

ஆயிரம் ரூபாய் மாப்பிள்ளைக்கு ஒரு பணமில்லை, தெரியும். நான் பயப்படுவதும் ஆயிரத்துக்கு இல்லை. தீர்ப்பாயத்தில் சம்பாதிக்காத ஒருவர் இறந்தால் எப்படிக் கணக்குப் போடுவார்கள் தெரியுமா? அதே சட்டத்தில் 1994-இல் சேர்த்த இரண்டாம் அட்டவணையில், வருமானமே இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வருமானம் இருப்பதாக வைத்துக்கொள் என்று எழுதியிருந்தது. குழந்தைகளுக்கும் அதே கணக்குத்தான் போட்டார்கள். நான் தட்டச்சு செய்த காலத்தில் அந்தத் தொகை மாறவே இல்லை. குழந்தையின் பெயர், வயது, அதன் கீழே அந்த 15,000. அந்தத் தாளை அடித்த நாட்களில் வீட்டுக்கு வந்து உன்னைக் கட்டிப்பிடித்தால் "கையெல்லாம் மை வாசனை" என்று தள்ளிவிடுவாய். பின்னாளில் உச்ச நீதிமன்றம் தொகையை உயர்த்தியது, அந்த அட்டவணையும் போய்விட்டது. எனக்கு அது போகவில்லை.

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லாதே. நீ சொல்ல மாட்டாய், அவர்கள் சொல்வார்கள். அப்பாவை, வீடியோவைப் பற்றி மூச்சு விடாமல், பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கட்டுப் போட்ட கண்ணோடு வாயாலேயே போட்டுவிட்டார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவரின் மேல் அவர் எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு விசை வருகிறது. யாழினி பத்துக் கிலோ என்றால் அந்த நொடியில் 200 கிலோவைப் பிடித்து நிறுத்தக்கூடிய கை வேண்டும். மாப்பிள்ளை ஜிம்முக்குப் போகிறவர்தான், இருந்தாலும். போதாததற்கு ஓட்டுநரின் மடியில் இருக்கும் குழந்தைக்கு எதிரே ஏர்பேக் இருக்கிறது. பெரியவர் மார்பைத் தாங்குவதற்காகக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது அது. குழந்தையின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

மடி போதும் என்று நினைத்தது நம் ஊர் ஆட்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலம்தான் முதன்முதலில் சின்னக் குழந்தைகளைக் காரில் பாதுகாப்பு இருக்கையில்தான் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது. 1978 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாப்பிடியாக நின்று கொண்டுவரச் செய்த சட்டம். அதில் சட்டமன்றம் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டது: கைக்குழந்தையைப் பெரியவர் கையில் வைத்திருந்தால் போதும். எந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அந்தக் குழந்தைக்கே ஓட்டை போட்ட சட்டம்! அந்த மருத்துவர் அதையும் விடவில்லை. 1981-இல் விலக்கை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்று சொல்லும்போது ஒருவர் எதிராகப் பேசினால் வீடு இடிந்துவிடாது என்பதற்காக இதை எழுதவில்லை. தகவலுக்காக எழுதினேன்.

நீ பேசத் தெரியாதவள் இல்லையே. ஆறாம் வகுப்பில் பஸ் கண்டக்டரிடம் அரை டிக்கெட்டுக்காக நின்று வாதாடியவள். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் நீ கேட்ட கேள்வியை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வாய்த் துடுக்கு என்று அப்போது உன்னை நான் திட்டியிருக்கிறேன். இப்போது போனில் "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்கிறாய். போன வாரம் அதுவும் இல்லை.

சரி, கார் சீட்டுக்கு வருகிறேன். முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்று. பின்னிருக்கையில் முதுகுப்பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் கையை விட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பது அதுதான். கார் சீட்டின் இரண்டு கொக்கிகளையும் அதில் "டிக்" என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். கூடவே தாங்குகாலோ மேல் பட்டையோ இருக்கும், அதையும் மாட்டினால்தான் முழுமை. மாட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் சரியாக மாட்டவில்லை. பின்னோக்கி மாட்டு. குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி வரும் இருக்கைகளில் பதினைந்து மாதத்துக்கு முன் முன்னோக்கி வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் இருக்கை இடம் கொடுக்கும்வரை பின்னோக்கியே வைப்பது நல்லது. மோதும்போது தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாகத் தாங்கப்படும். இந்த வயதில் தலை பெரிது, கழுத்து இளசு. "கால் மடங்குகிறதே, பாவம்" என்பார்கள். மடங்கட்டும். நாம் வாங்கிய இருக்கையைப் பின்னோக்கி 13 கிலோ வரை வைக்கலாம், அதனால்தான் அதை வாங்கினோம்.

முன்னிருக்கையில் மட்டும் வைக்காதே, அதுவும் ஏர்பேக் வேலை செய்யும் இருக்கையில் பின்னோக்கி வைக்கவே கூடாது. வெயில்மறைப்பில் குறுக்கே கோடு போட்ட படமாக ஒட்டியிருப்பார்கள், பார். பின்னிருக்கையில் வை, பின்னோக்கி வை. பட்டை, பின்னோக்கி இருக்கும்போது தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். மாட்டிய பிறகு தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார். மடிப்புப் பிடிபட்டால் தளர்வு. தடித்த ஸ்வெட்டர் போட்டு மாட்டாதே, துணி அமுங்கிவிடும், பட்டை தளர்ந்துவிடும். அழுவாள். இரண்டு நாள் அழுவாள், அப்புறம் அதிலேயே தூங்குவாள். நீ அழுதால் உடனே தூக்கிக்கொண்டது நான்தான் என்று அப்பா சொல்வார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு போகும் பழக்கம் அந்த வீட்டில் உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதற்கும் விதி இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அறிவித்து 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரின் உடலோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேல் எப்படியும் ஹெல்மெட் கட்டாயம். சிவப்பு ஸ்கூட்டர் விஷயம் உனக்கு நினைவிருக்கும், நான் அதை எழுத வேண்டியதில்லை.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிடும் ஆண்பிள்ளையை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. அன்பில்லாதவர் மடியில் வைத்துக்கொள்வாரா? எனக்கும் அவருக்கும் நடுவே "சாப்பிட்டீர்களா மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி என்றைக்குப் பேச்சு இருந்தது, நான் நேராகச் சொல்ல? நான் சொன்னால் அது மாமியார் புகுந்து பேசியதாகும். அப்பா சொன்னால் வாத்தியார் பாடம் எடுத்ததாகும். நீ சொன்னால் மட்டும்தான் அது சாதாரணப் பேச்சு. உனக்கும் சாதாரணமாகப் பேச முடியவில்லை என்றால் என் பேரைச் சொல்லாதே, சட்டத்தின் பேரைச் சொல். போலீஸ்காரர் பிடித்தால் மானம் போகும் என்று சொல். குழந்தை டாக்டர் சொன்னார் என்று சொல். சிலருக்கு மனைவி சொல்வதைவிட அபராதம் சொல்வது சீக்கிரம் புரிகிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதுவுமே சொல்ல முடியாத நிலை என்றால், அது சட்டத்தைப் பற்றிய கடிதம் இல்லை. அப்படி இருந்தால் போன் செய். எந்த நேரமானாலும் செய். அப்பாவை எழுப்ப மாட்டேன்.

புதிய கார் பார்ப்பதாக உன் நாத்தனார் எழுதியிருந்தாள். வாங்கினால் பாரத் என்கேப் நட்சத்திரத்தைப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் சோதனை அது. பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். விற்பவர் பெரியவர்களுக்கான ஐந்தை மட்டும் காட்டினால் குழந்தைக்கு எத்தனை என்று கேள். அந்தச் சோதனையிலும் பொம்மைக் குழந்தையை இருக்கையில் பட்டை மாட்டித்தான் வைக்கிறார்கள், யார் மடியிலும் வைப்பதில்லை.

அடுத்த மாதம் வருவதாகச் சொன்னீர்கள். ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு அப்பா வாடகைக் கார் பிடித்து வருவார். கார் சீட்டைக் கழற்றி எடுத்து வா, கனம் என்று விட்டுவிடாதே. காரில் வந்தால் இரவில் புறப்படாதீர்கள். யாழினி பின்னிருக்கையில், பின்னோக்கி. எழுதியதையே எழுதுகிறேன் என்று தெரிகிறது.

தம்பி விஷயம் எழுத இடமில்லை, நேரில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்வேன். சுற்றி ஆட்கள் இருந்தால் "பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டேன்" என்று மட்டும் சொல், எனக்குப் புரியும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா