வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால்

ஹட்டன்

அன்பு மகனுக்கு,

போர்டிங்கில் கூட இருக்கும் அண்ணன் கேட்டதைக் கொடுக்காதே. உன் பெயரில் ஒரு புதுக் கணக்கு, அதன் ஏ.டி.எம். அட்டை, பின் நம்பர், உன் அடையாள அட்டையைக் காட்டி எடுத்த சிம்: இதெல்லாம் கொடுத்தால் மாதா மாதம் கமிஷன் என்கிறார். வெளிநாட்டுக் கம்பனிக் காசு வரும் என்பது இப்படிக் கணக்குக் கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்வது. ஒழுங்கான கம்பனி தன் பெயரிலேயே கணக்குத் திறக்கும், கடைப் பையனின் கணக்கைத் தேடி வராது.

சிம்மை எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசி. வங்கி அனுப்பும் ஓ.டி.பி., அதாவது ஒரு தடவை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம், அந்த நம்பருக்குத்தான் வரும். அட்டையும் சிம்மும் போய்விட்டால் கணக்கை நடத்துவது அவர்கள், மாட்டுவது நீ.

எங்கேயோ ஒரு அம்மா, பார்சலுக்குக் கட்டணம் கட்டச் சொல்லி வந்த லிங்கை அமத்தி, அட்டை நம்பரையும் ஓ.டி.பி.யையும் போட்டுவிடுவார். பிள்ளை கல்யாணத்துக்கு வைத்திருந்த சேமலாப நிதிக் காசு அப்படியே உன் கணக்குக்கு வரும். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாறும் காலம் இது. அவர் முறைப்பாடு செய்வதற்குள் கொஞ்சத்தை ஏ.டி.எம்.மில் எடுப்பார்கள், மிச்சத்தை வேறு கணக்குகளுக்குப் பிரிப்பார்கள், பிறகு கிரிப்டோ என்கிற இணையக் காசாக மாற்றி நாட்டைத் தாண்ட விடுவார்கள். தேடி வரும் பொலிஸுக்கு முதலில் கிடைப்பது உன் பெயரும் நம் தோட்டத்து முகவரியும்தான்.

எவ்வளவு பெரிய ஹேக்கருக்கும் காசை இறக்க ஒரு கணக்கு வேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 951 மில்லியன் டொலரை எடுக்கக் கட்டளை அனுப்பினார்கள். அதில் 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போனது. அங்கே போலிப் பெயர்களில் கணக்குகளை 2015 மே மாதமே திறந்து, மாதக்கணக்காகச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். கணக்கு முதல், களவு பிறகு. 20 மில்லியன் நம் நாட்டுக் கணக்கொன்றுக்கு வந்தது. பெறுபவரின் பெயரில் எழுத்துப் பிழை இருந்ததால் வங்கிக்காரர்கள் சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள், அந்தக் காசு திரும்பிப் போனது.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தப்ப முடியாது. 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், அதாவது களவுக் காசை நல்ல காசு போல மாற்றுவதைத் தடுக்கும் சட்டம், குற்றத்தில் வந்த காசு என்று தெரிந்தவரை மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தவரையும் பிடிக்கிறது. சும்மா இருப்பதற்குக் கமிஷன் கிடைத்ததே சந்தேகப்படப் போதுமான காரணம் இல்லையா என்று கேட்பார்கள்.

இன்னொரு விதமும் உண்டு. தெரியாத காசு உன் கணக்கில் விழும். "தவறி வந்துவிட்டது, இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் அழுதுகொண்டு பேசுவார். அவர் சொல்லும் கணக்குக்கு ஒரு சதமும் அனுப்பாதே. வங்கிக்குச் சொல், வந்த வழியாகவே அவர்கள் திருப்பட்டும்.

கூட இருக்கும் தம்பி போன மாதமே கொடுத்துவிட்டான் என்றாயே, அவனைத் திட்டாதே. முதலில் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து அட்டையையும் ஒன்லைன் வசதியையும் முடக்கச் சொல்லட்டும், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அடுத்து போன் கம்பனியில் சிம்மை நிறுத்த வேண்டும். சிம் போனதுமே அவர்கள் உஷாராகி மிச்சக் காசை அட்டையால் வழித்து எடுப்பார்கள், அதனால்தான் வங்கி முதலில். கணக்கில் கிடக்கும் காசை அவன் தொடவே கூடாது. வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல், நம்பரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பொலிஸில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வாங்கட்டும். வழி தெரியாவிட்டால் இணையக் குற்றங்களைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைத்துக் கேட்கலாம்.

பொலிஸுக்குத் தனியாகப் போகப் பயந்தால் எனக்குச் சொல்லச் சொல். ராத்திரி பஸ் ஏறி விடிய வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா