ஈஸ்டர் ஆராதனையில் உதவிய தம்பிக்கு

பாளையங்கோட்டையில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் என் அம்மாவுக்கு உதவிய தம்பி, பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். மின்விசிறிக்குக் கீழிருந்த இடத்தை விட்டுக்கொடுத்ததற்கு மட்டுமல்ல இந்த நன்றி. முழங்கால் வலியால் திருவிருந்துக்கு எழாமல் இருந்தவரிடம் விசாரித்து, குருவானவரிடம் சொல்லி, அப்பமும் திராட்சரசமும் இருக்கைக்கே வரும்படி செய்தீர்கள். நரைத்தவர் முன் எழுந்து நிற்கச் சொல்லும் லேவியராகமம் 19:32-ஐ எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டாயிற்று. எழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் அமர்ந்து, அந்தக் கால ஓய்வுநாள் பள்ளிப் பாட்டுகளைச் சொல்லித்தரச் சொன்னீர்களே, அதுதான் பெரிது. வயதானவர்களுக்காக ஜெபிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களிடம் எதையும் கேட்டுக் கற்பதில்லை. அம்மா அன்று மதியம்வரை பாடிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாருங்கள், தம்பி. பாட்டு இன்னும் நிறைய இருக்கிறதாம்.