ஆத்தாளுக்கு மூளை அலை எடுத்தோம்

கானாடுகாத்தான்

அன்புள்ள சொக்கு,

ஆத்தாளின் மறதியைப் பற்றி நீ போனில் விசாரித்தபோது அவள் பக்கத்திலேயே இருந்தாள், சரியாகப் பேச முடியவில்லை. பினாங்கில் எல்லாரும் சுகம்தானே?

போன வாரம் மதுரையில் மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தோம். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். "எண்ணெயில்லாத தலையோட ஊருக்கா?" என்று திருப்பத்தூர்வரை ஏசிக்கொண்டே வந்தாள்.

தலையெல்லாம் பசை தடவி வயர் ஒட்டினார்கள். கண்ணை மூடினால் பின்மண்டையில் ஆல்பா அலை விநாடிக்கு 8 முதல் 13 தடவை ஓட வேண்டுமாம். ஆத்தாளுக்கு 7. மனித மூளையின் அலையை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கரே பிற்பாடு அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களிடம் இந்த மந்தத்தைப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் அடுத்துச் சொன்னதுதான் மனசில் நிற்கிறது. தூரதூரமாய் இருக்கும் மூளைப் பகுதிகளின் அலைகள் தாளம் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். இந்த நோயில் ஆல்பா, அதைவிட வேகமான பீட்டா அலைகளில் அந்தச் சேர்க்கை தளர்கிறதாம். எனக்கு நம் வளவு வீடுதான் ஞாபகம் வந்தது. தேக்குத்தூண் ஒன்றுகூடச் சாயவில்லை. பங்காளிகள் நடுக்கதவுகளைப் பூட்டிப் போய்விட்டார்கள், முகப்பில் கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்பதில்லை.

ஆனால் இந்தச் சேர்க்கையை அளப்பது பெரும்பாலும் ஆராய்ச்சியோடு சரி. ஒரே அலையைப் பக்கத்துப் பக்கத்து வயர் இரண்டும் பிடித்துவிட்டால், அந்த இரண்டு இடமும் பேசிக்கொள்வதாக ஏமாறலாம். குக்கர் விசில் எல்லா அறையிலும் கேட்கத்தானே செய்கிறது! இ.இ.ஜி.யை மட்டும் வைத்து நோயை முடிவு கட்டுவதில்லை. தைராய்டு, பி12, ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகுதான் டோனெபெசில் மாத்திரை எழுதினார். மூளையில் குறைந்துபோன அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் காக்குமாம், நோயை மாற்றாதாம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்குப் பச்சரிசி, மேலே கோபுரமாய் உளுந்து என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்கிறாள். அப்பச்சி படத்தைக் காட்டி யாரென்று கேட்டேன். சட்டென்று பேரைச் சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர், சொக்கு. "உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். "தெரிஞ்சவுகதான்" என்றாள்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு. வந்ததும் "என்னைத் தெரியுதா ஆச்சி?" என்று கேட்காதே, மிரண்டுபோகிறாள். பேரை நீயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார். பணியார அளவு கேள், நேரம் போவது தெரியாது.

உன்
ராமு